குதிரையை மாத்தினது ஒருத்தருக்கும் தெரியேல்லையா? – உங்கட சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். உப்புவெளியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார், "அண்ணை, போன கிழமை சொன்ன டார்பி குதிரை ரேஸ் கதையில, அவ்வளவு சனம் பாத்துக்கொண்டு நிக்க வேற குதிரையை எப்பிடி ஓட விட்டவங்கள்?" எண்டு. ரெண்டு நாளா இந்தக் கேள்விதான் என்ர மண்டைக்குள்ள.

கோணேசர் கோயிலுக்குப் போகேக்க கோட்டைக்குள்ள மான் நிக்கும்தானே. நேற்று உங்கட கையில வாழைப்பழத்தோல் திண்ட மான் எது, இண்டைக்கு வந்து நிக்கிறது எது எண்டு காட்டுங்கோ பாப்பம். ஏலாது. குதிரையும் அப்பிடித்தான்.

1844, இங்கிலாந்து, எப்சம் டார்பி. 3 வயசுக் குதிரை மட்டும்தான் ஓடலாம். ரன்னிங் ரெயின் எண்டு பேர் குடுத்து ஓடினது மக்காபியஸ் எண்ட 4 வயசுக் குதிரை, வெண்டும் போட்டுது. பெரிய பகிடி என்னெண்டா, அதே ரேஸில கால் முறிஞ்சு, பிறகு சுட்டுப் புதைச்ச லியாண்டர் எண்ட குதிரையைத் தோண்டித் தாடையைப் பாத்தா அதுவும் 4 வயசாம்!

வயசைக் காட்டிக் குடுக்கிறது பல்லு, பல்லுதான். முந்தியும் சொன்னனான், திரும்பவும் சொல்லுறன். என்ர அப்பப்பா கிண்ணியாப் பக்கம் மாடு வாங்கப் போனா விலை பேச முதல் கீழ் உதட்டை விரலால மடக்கி ரெண்டு பல்லா நாலு பல்லா எண்டு பாப்பார், தானமா வந்த மாட்டைத்தான் பல்லுப் பிடிச்சுப் பாக்கக் கூடாது, காசு குடுத்தா பாக்கத்தான் வேணும். குதிரைக்கு ரெண்டரை வயசில நடுவில இருக்கிற பால்பல்லு விழுந்து புதுசு முளைக்கும், மூண்டரையில பக்கத்துப் பல்லு, நாலரையில ஓரத்துப் பல்லு. மே மாசத்து டார்பியில 3 வயசுக்காரனுக்குக் கீழ்த்தாடையில ஒரு சோடிதான் புதுசு, 4 வயசுக்காரனுக்கு ரெண்டு சோடி.

நிறத்தை மாத்தலாம். 1984ல அவுஸ்திரேலியாவில, பிரிஸ்பேனில ஃபைன் காட்டன் எண்ட குதிரைக்குப் பதிலா போல்ட் பர்சனாலிட்டி எண்ட குதிரையை டை அடிச்சு, காலுக்கு வெள்ளைப் பெயின்ட் பூசி ஓட விட்டவங்கள், பெயின்ட் வழிஞ்சு சனம் கத்திப் பிடிச்சுது. பல்லுக்கு என்னத்தைப் பூசுறது?

தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, பிறகு அந்த 1844 குதிரை எங்க போச்சு எண்டு. ரன்னிங் ரெயினிண்ட சொந்தக்காரர் பரிசுக் காசுக்கு வழக்குப் போட்டார், நீதிபதி ஆல்டர்சன் குதிரையைக் கொண்டு வாங்கோ எண்டார். குதிரை இல்லை! ஒளிச்சுப் போட்டாங்கள். வழக்குப் போட்டவரே கைவிட்டார், ரெண்டாவதா வந்த ஓர்லாண்டோவுக்கு வெற்றி. வாயை ஒருக்காத் திறந்து காட்டினா முடியிற வழக்கு, அதைத்தான் கடைசி மட்டும் காட்டேல்லை.