நிரம்பியபடியே திரும்பி வரும் தண்ணீர் பாட்டில்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகள் சீண்டுகிறார்களே, அதற்குப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து என்ன செய்யலாம் என்று பேசச் சொல்லி நிலையத்தார் கேட்டார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரு தண்ணீர் பாட்டில்.

எட்டாம் வகுப்புப் பெண். ஏழு வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, உயர்நிலைப் பள்ளியில் மலையாளப் பிள்ளைகளோடு ஒரே டிவிஷனில் சேர்ந்தவள். அவளுடைய கிளாஸ் டீச்சர் ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் அலுத்துக்கொண்டார்: "இன்டர்வெல்லில் போகாமல், பாடம் நடக்கும்போதுதான் பாத்ரூம் போகணும் என்று எழுந்து நிற்கிறாள். தினமும் இதே வேலை." நானும் கேட்டேன், சிரித்தேன், தேர்வுத்தாள் திருத்தப் போய்விட்டேன்.

ரெண்டு வாரம் கழித்து ரேஷன் கடை வரிசையில் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். தென்னந்தோப்பில் கூலிக்குப் போகிறவர். "வயித்து வலி வயித்து வலின்னே சொல்றாளுங்க டீச்சர். டாக்டர் தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னாரு. காலைல நிறைச்சுக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் நிறைஞ்சபடியே வருதுங்க" என்றார்.

அங்கே, அரிசிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். இன்டர்வெல்லில் போனால் அங்கே யாரோ நிற்கிறார்கள். அதனால் குடிப்பதில்லை. அப்படியும் அடக்க முடியாமல் போனால், வராந்தா காலியாக இருக்கும் பாட நேரத்தில் எழுந்து நிற்கிறாள். பாதி விஷயம் டீச்சரிடம் புகாராகக் கிடந்தது, பாதி அம்மாவிடம் கவலையாகக் கிடந்தது. வாயைத் திறக்காமல் இருந்தது அந்தப் பிள்ளை ஒருத்திதான்.

மறுநாள் இன்டர்வெல் மணி அடித்ததும் சும்மா கை கழுவுகிற மாதிரி குழாய்ப் பக்கம் போய் நின்றேன். மூன்று பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அடிக்கவில்லை, தள்ளவில்லை. அவளைப் பார்த்ததும் ஒருத்தி "பாண்டி வந்நு" என்றாள், மற்ற இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஜூன் மாதத்திலிருந்து தினமும் அவ்வளவுதான்.

பாண்டி என்பது கெட்ட வார்த்தையா? நம் ஆட்கள் பிள்ளைக்கு ஆசையாக வைக்கிற பேர் அது. மதுரையில் பாண்டிமுனி என்று சாமியே இருக்கிறது. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், அதே சொல் தமிழ் பேசுகிறவனை இளக்காரமாகக் கூப்பிடுகிற சொல்லாகிவிடுகிறது. "பேர்தானே டீச்சர், இதற்கெல்லாம் அழுவார்களா?" என்று என்னிடமே கேட்ட சக ஆசிரியர் உண்டு. நம் பக்கமும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. தமிழ் மீடியம் மைதானத்தில் கறுப்பு நிறத்தையும் சாதியையும் வைத்து எத்தனை பட்டப்பெயர்கள்! அப்பா பனையேறிக் கள் இறக்குகிறார் என்பதற்காக, கிட்டே போனாலே "வாசம் வருது" என்று சொல்லிச் சொல்லியே ஒரு பையனைக் கடைசி பெஞ்சுக்குத் துரத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வது வேறு, இது வேறு. நார்வேயில் பணியாற்றிய டான் ஒல்வேயுஸ் என்ற உளவியலாளர் 1970களிலிருந்தே இதை ஆராய்ந்தவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத ஒருவரிடம் செய்வது: இந்த மூன்றையும்தான் அவர் அடையாளமாகச் சொன்னார். எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பது அதில் இல்லை, பாருங்கள். ஒருநாள் ஒருவன் பாண்டி என்றால் திருப்பி ஏதாவது சொல்லிவிட்டுப் போகலாம். மூன்று பேர் வாசலில் நின்று நாள் தவறாமல் சொன்னால் தண்ணீர் குடிக்கப் பயம் வந்துவிடும்.

சரி, வீட்டுக்குத் தெரிந்த பாதியும் பள்ளிக்குத் தெரிந்த பாதியும் ஏன் ஒன்று சேர்வதில்லை? நமக்குக் கூட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. பி.டி.ஏ. என்கிற பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது, அம்மாக்களுக்கென்று மதர் பி.டி.ஏ. இருக்கிறது, ஓணப் பரீட்சை முடிந்தால் வகுப்பு வாரியாகக் கிளாஸ் பி.டி.ஏ. இருக்கிறது. ஆனால் கிளாஸ் பி.டி.ஏ.வில் என்ன நடக்கிறது? மார்க்கைக் காட்டுவோம், கையெழுத்து வாங்குவோம், "கணக்கில் கொஞ்சம் கவனிக்கணும்" என்போம். ஒரு பெற்றோருக்கு மூன்று நிமிஷம். அதிலும் மற்ற பெற்றோர் சுற்றி உட்கார்ந்திருக்க, "என் பிள்ளையைச் சீண்டுகிறார்கள்" என்று எந்த அம்மா வாயைத் திறப்பார்?

எல்லைப் பக்கத்தில் இன்னொரு சிக்கல் மொழி. கோழிக்கோட்டிலிருந்தோ கண்ணூரிலிருந்தோ மாற்றலாகி வந்த டீச்சருக்குத் தமிழ் வராது. தோப்பு வேலைக்குப் போகிற அம்மாவுக்கு டீச்சர் வேகமாகப் பேசுகிற மலையாளம் பிடிபடாது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் யார்? அந்தப் பிள்ளையேதான். ஒருமுறை பக்கத்து மேஜையில் இருந்து கேட்டேன். வம்பு செய்கிற பையனின் அம்மாவை வரவழைத்து, "இவன் ஒரு குட்டியெ என்னும் களியாக்குந்நு" என்றார் டீச்சர். ஒரு பிள்ளையை நித்தமும் கேலி செய்கிறான் என்று அர்த்தம். அம்மா மகனைப் பார்த்தார். அவன் கண்கூட இமைக்காமல், "நான் எப்பவும் நல்லா விளையாடறேன்னு சொல்றாங்கம்மா" என்றான். மலையாளத்தில் களி என்றால் விளையாட்டுதானே, முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது! அந்த அம்மா டீச்சருக்கு ரெண்டு கையையும் கூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் எழுந்து வாசல் வரை ஓடி அந்த அம்மாவை நிறுத்த வேண்டியிருந்தது. தலைமையாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது ஒன்றுதான்: பிள்ளையை வைத்துப் பேசாதீர்கள். பள்ளியில் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார், ஆபீஸ் உதவியாளராகக்கூட இருக்கட்டும், அவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அர்த்தம் சரியாகப் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. சீண்டுகிற பிள்ளையின் அப்பா பழைய பாட்டைப் பாடுவார்: "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க." 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. சட்டம் கிடக்கட்டும், அடி வாங்கிய பையன் மறுநாள் யாரிடம் கணக்குத் தீர்ப்பான்? காட்டிக்கொடுத்தவனிடம்தான். சீண்டப்பட்ட பிள்ளையின் அப்பாவோ நேராக கேட்டுக்கு வந்து மற்ற பையனின் சட்டையைப் பிடிப்பார். அதன் பிறகு அது ரெண்டு வீட்டுச் சண்டை.

நானும் தப்பு செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பையனை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, "யார் உன்னை என்ன சொன்னாங்க, சொல்லு" என்று கேட்டேன். பேர் சொன்னான். ரெண்டு பேரையும் கைகொடுக்க வைத்து, "மன்னிச்சிடு" சொல்ல வைத்து, வகுப்பைக் கை தட்டவும் வைத்தேன். பெரிய நியாயஸ்தி என்று எனக்கு நினைப்பு. சீண்டல் அன்று சாயங்காலமே பொள்ளாச்சி பஸ்ஸுக்குள் இடம் மாறியது. அந்தப் பையன் அதற்கப்புறம் என்னிடம் எதையும் சொல்லவே இல்லை.

எட்டாம் வகுப்புப் பெண் விஷயத்தில் அதனால் அவளைக் கேள்வியே கேட்கவில்லை. அவள் அம்மாவைப் பள்ளிக்கும் கூப்பிடவில்லை, சாயங்காலம் நானும் கிளாஸ் டீச்சரும் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போனோம். டீச்சர் மலையாளத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வீட்டில் அம்மா ஒன்றும் விசாரிக்க வேண்டாம், பாட்டிலை மட்டும் பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு போன். பள்ளியில் இன்டர்வெல் பத்து நிமிஷமும் குழாய்ப் பக்கம் யாராவது ஒரு டீச்சர். இதற்கு ஸ்டாஃப் ரூமில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை, டீ ஆறிப்போகும் என்று ஒருவர் வருத்தப்பட்டார். வகுப்பில் ரெண்டு நல்ல பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அவளோடு சேர்ந்து போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னோம். சிரிக்கவும் செய்யாமல் தடுக்கவும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள்தான் வகுப்பில் அதிகம். அவர்களில் ரெண்டு பேர் இடம் மாறி நின்றாலே வாசலில் நிற்கிறவர்களுக்கு ருசி போய்விடுகிறது.

அந்த மூன்று பெண்களின் வீட்டாரை ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியாகப் பார்த்தோம். "பாண்டி" என்று முதலில் குரல் கொடுத்தவளின் அம்மா உள்ளே வந்தார், உட்கார்ந்தார், சுத்தமான தமிழில் பேசினார். நான் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போனேன். அவர்கள் வீட்டில் பேச்சு முழுக்கத் தமிழ்தான். மகள் அதை வகுப்பில் யாரிடமும் சொன்னதே இல்லை. அடுத்து தன்னைச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அவள் முந்திக்கொண்டு கத்தியிருக்கிறாள். அந்த அம்மா அழுதார். "எங்க மாமியாரை என்னன்னு கூப்பிடுவாளாம்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை. மகளை அடிக்காதீர்கள், உங்கள் மாமியார் ஊர்க் கதையை அவளுக்குச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

எல்லாம் இப்படித் திண்ணையில் தீர்ந்துவிடாது. கை நீண்டால், காயம் பட்டால், போனில் படம் பிடித்துப் பரப்பினால் எழுத்தில் கொடுங்கள். 1998ஆம் ஆண்டுக் கேரள ராகிங் தடைச் சட்டத்தின்படி மாணவரோ பெற்றோரோ ஆசிரியரோ எழுதிக்கொடுத்தால், நிறுவனத் தலைவர் ஏழு நாளுக்குள் விசாரிக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் சஸ்பெண்ட் செய்து, புகாரைப் போலீசுக்கும் அனுப்ப வேண்டும். கல்லூரிக்கு மட்டும்தான் அது என்று நினைக்காதீர்கள், பள்ளி மாணவர்கள் மீதும் இந்தச் சட்டத்தில் வழக்குப் பதிவாகியிருக்கிறது. புகாரைத் தமிழிலேயே எழுதலாம். ஒரு நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளே கூப்பிட 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல்.

அந்தப் பெண்ணும் அந்த மூன்று பேரும் தோழிகளாகிவிட்டார்களா என்று கேட்டால், இல்லை. ஒருவரையொருவர் பார்க்காமல் போனார்கள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. முதல் வெள்ளிக்கிழமை அம்மா போன் செய்தார், பாட்டில் அப்படியேதான் வந்தது. இரண்டாவது வெள்ளிக்கிழமை பாதி. மூன்றாவது வெள்ளிக்கிழமை போனை எடுத்ததுமே கோபக் குரல்: "பாட்டில் காலியா வந்துச்சுங்க டீச்சர். ஆனா மூடியைத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறா, எருமை."

நன்றி, வணக்கம்.