ஸ்டோர்க்காரரிடம் கேட்டீர்களா?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வியாபாரத்துக்குக் கொம்பியூட்டர் போடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் இதைத் தகவல் தொழில்நுட்ப மூலோபாயம் என்றும் செயற்றிட்ட முகாமைத்துவம் என்றும் இரண்டு பாடமாகப் படிப்பிக்கிறோம். பெயரைக் கேட்டுவிட்டு ரேடியோவை மூடிவிடாதீர்கள். காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருப்பவர், கல்முனையில் ஹாட்வெயார் கடை நடத்துபவர், செங்கலடியில் நெல் வாங்கிக் கட்டுபவர் எல்லோரும் இன்றைக்கு ஏதோ ஒரு சொப்ட்வெயாரில் பில் போடுகிறார்கள். அதற்குக் கொடுத்த காசு திரும்பி வருகிறதா, வராவிட்டால் ஏன் வரவில்லை என்பதைத்தான் இந்த ஆராய்ச்சிகள் நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

நான் கன காலமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லி வருகிறேன். இன்றைக்கும் அதையேதான் சொல்லப்போகிறேன். புதிய முறை வருவதற்கு முதல், அந்த வேலையைக் கையால் செய்கிற ஆளிடம் கேளுங்கள். வந்த பிறகும் அவரிடமே கேளுங்கள்.

1987 இல் அமெரிக்கப் பொருளியலாளர் ரொபர்ட் சோலோ ஒரு வசனம் எழுதினார். அந்த வருஷம்தான் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கொம்பியூட்டர் யுகத்தை எங்கே பார்த்தாலும் காணலாம், உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணமுடியவில்லை என்றார். கம்பனிகள் கோடிக்கணக்கில் செலவழித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்த காலம் அது. ஒரே வசனம், ஆனால் ஆராய்ச்சியாளர்களைப் பல வருஷம் தூங்கவிடவில்லை.

அதற்கு எனக்குப் பிடித்த பதில் போல் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 1990 இல் சொன்னது. நம்முடைய பக்கத்துப் பழைய அரிசி ஆலைகளுக்குள் போனவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு மூலையில் எஞ்சின் நிற்கும். கூரைக்குக் கீழே நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு சுழலும். அந்தத் தண்டிலிருந்து ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு பெல்ட் இறங்கி வரும். எந்த மெசின் எங்கே நிற்கவேண்டும் என்பதைத் தண்டுதான் தீர்மானிக்கும், வேலை தீர்மானிக்காது. அமெரிக்கத் தொழிற்சாலைகளும் நீராவிக் காலத்தில் இப்படித்தான் இருந்தன. 1882 இல் எடிசனின் மின்நிலையங்கள் வந்துவிட்டன. ஆனால் 1900 அளவில் அந்நாட்டுத் தொழிற்சாலைகளை ஓட்டிய சக்தியில் மின்மோட்டாரின் பங்கு 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மின்சாரம் எடுத்தவர்களிலும் பலர் என்ன செய்தார்கள்? நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டு அதே தண்டு. பெல்ட் அதே பெல்ட். ஆட்கள் நின்ற இடமும் அதே இடம். பெரிய இலாபம் ஒன்றும் வரவில்லை.

ஒவ்வொரு மெசினுக்கும் தனித்தனிச் சின்ன மோட்டார் பூட்டி, தண்டைக் கழற்றி எறிந்து, சாமான் எந்த ஒழுங்கில் நகருமோ அந்த ஒழுங்கில் மெசின்களை நிறுத்தியபோதுதான் பலன் தெரிந்தது. அது 1920களில். மின்சாரம் வந்து நாற்பது வருஷத்துக்குப் பிறகு.

இதை நான் ஒவ்வொரு வருஷமும் முதலாவது வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். மெசினை மாற்றுவது ஒரு நாள் வேலை, வேலைமுறையை மாற்றுவதுதான் வருஷக்கணக்கில் இழுக்கும். எரிக் பிரின்ஜோல்ஃப்சன் போன்ற பொருளியலாளர்கள் பிறகு கம்பனிக் கணக்குகளை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னதும் அதுதான். கொம்பியூட்டருக்குச் செலவாகிற காசைவிடப் பயிற்சிக்கும், வேலையை மாற்றி அடுக்குவதற்கும், யார் எதைத் தீர்மானிப்பது என்பதை மாற்றுவதற்கும் ஆகிற செலவு பல மடங்கு. அந்தச் செலவு பில்லில் வராது. அதனால் ஒருவரும் அதற்குக் காசு ஒதுக்குவதும் இல்லை.

இனி ஓர் ஆலையின் கதை. ஊரைச் சொல்லமாட்டேன். அம்பாறை மாவட்டம், அவ்வளவு போதும். என்னுடைய மாணவி ஒருவர் இறுதியாண்டு ஆய்வுக்காக அங்கே போனார். புதிதாக ஒரு சொப்ட்வெயார் போட்டிருந்தார்கள். முதலாளி தன் ஃபோனிலேயே நெல் இருப்பைப் பார்க்கலாம். ஆனால் இருப்பும் காசும் ஒருநாளும் ஒத்து வரவில்லை. யாரோ களவெடுக்கிறார்கள் என்று முடிவெடுத்து இன்னொரு கெமரா பூட்டியிருந்தார்கள்.

மாணவி வினாக்கொத்தைக் கொண்டுபோனார். நம்முடைய முகாமைத்துவ பீடங்களில் படித்தவர்களுக்குத் தெரியும், 1989 இல் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆராய்ச்சியாளர் எழுதிய ஓர் ஆய்வு மாதிரி, அதாவது மொடல், இருக்கிறது. ஒரு தொழில்நுட்பம் பயன்தரும் என்று ஆள் நினைக்கிறாரா, பாவிக்க இலகு என்று நினைக்கிறாரா என்ற இரண்டையும் வைத்து, அவர் அதை ஏற்பாரா மாட்டாரா என்று சொல்வது. நல்ல மாதிரிதான். அதை வைத்து இந்த நாட்டில் எத்தனையோ ஆய்வு வந்திருக்கிறது. "புதிய முறை எனக்குப் பயனுள்ளது: முற்றாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை" என்று ஐந்து பெட்டி இருக்கும், ஒன்றில் சரி போடவேண்டும்.

ஆலையில் ஸ்டோருக்குப் பொறுப்பாக ஒரு மூத்தவர். அவர் தாளை வாங்கினார். மேலேயிருந்து கீழ்வரைக்கும் "உடன்படுகிறேன்" என்ற பெட்டியில் ஒரே நேர்கோட்டில் சரி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மனேஜர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. தாளைப் பையில் வைத்துவிட்டு, "காக்கா, நீங்க வேலை செய்றதை நான் கொஞ்சநேரம் பார்த்திட்டு இருக்கட்டா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டோர்க்காரருக்குச் சந்தோஷம்.

பெரும்போக அறுவடை நேரம் அது. வெட்டுமெசினிலிருந்து நேரே வருகிற நெல் ஈரம். அரசுக்காக நெல் வாங்குகிற நெல் சந்தைப்படுத்தும் சபையின் தர அளவு 14 சதவீத ஈரப்பதம். வயலிலிருந்து நேரே வருவது அதைவிட எவ்வளவோ கூட. அதனால் அவர் மூடைக்குள் கையைவிட்டு நாலு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பார். கடித்த சத்தத்திலேயே அவருக்குக் கணக்கு வந்துவிடும். மூடைக்கு இரண்டு கிலோ கழிவு, அல்லது மூன்று கிலோ கழிவு என்று விவசாயியோடு பேசி முடிப்பார். பிறகு சிட்டையில் மூன்று எண் எழுதுவார். நிறுத்த நிறை, கழித்த நிறை, காசு கொடுக்கவேண்டிய நிறை.

சொப்ட்வெயாரில் நிறைக்கு ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது.

பகலில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்த பிள்ளை நிறுத்த நிறையைப் போட்டார். இரவு வந்த தம்பி காசு கொடுத்த நிறையைப் போட்டார். இரண்டு பேரும் தாங்கள் போட்டதுதான் சரியென்று நினைத்தார்கள். அப்புறம் இருப்பும் காசும் எப்படி ஒத்துவரும்? ஸ்டோர்க்காரருக்கு இது முதல் கிழமையே விளங்கிவிட்டது. தனக்கென்று ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி மூன்று எண்ணையும் பழையபடி எழுதிவந்தார். முழுக் கணக்கும் அதில் இருந்தது, ஒரு கிலோ பிசகாமல்.

"அப்ப ஏன் காக்கா சொல்லல்ல?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லயே மகள். முதலாளி இவ்வளவு காசு போட்டு எடுத்திருக்காரு. இது சரிவராதெண்டு நான் போய்ச் சொல்றதா?"

நேயர்களே, இந்தப் பதிலைக் கொஞ்சம் யோசியுங்கள். அவருக்கு முதலாளியோடு கோபமில்லை. கொம்பியூட்டருக்குப் பயமுமில்லை. முதலாளியின் மனம் நோகக்கூடாது என்று நினைத்தார். அவ்வளவுதான்.

விஷயம் வெளியே வந்தபிறகு சொப்ட்வெயாரில் இன்னும் இரண்டு பெட்டி சேர்ப்பது கொழும்பில் இருந்து அதைச் செய்துகொடுத்த தம்பிக்கு அரைநாள் வேலை. அந்த அரைநாள் வேலைக்காக ஒரு போகம் முழுக்க நல்ல மனிசர்மேல் சந்தேகம் இருந்தது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் ஆறாது.

இதை ஆராய்ச்சியாளர்கள் நன்றாகவே படித்திருக்கிறார்கள். கெட்ட செய்தியை உரிய ஆளிடம் சொல்ல மனிதர் தயங்குவதை ரோசன், டெசர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970 இலேயே எழுதினார்கள். 2003 இல் ஜெஃப் ஸ்மித்தும் மார்க் கீலும் அதை மென்பொருள் செயற்றிட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். வேலை கெட்டுப்போகிறது என்று கீழே இருப்பவருக்குத் தெரியும், ஆனால் அந்தச் செய்தி மேலே போகாது. கீழே "இது ஓடவேயில்ல" என்று தொடங்கும். நடுவில் "சின்னச் சின்னப் பிரச்சினை" என்று ஆகும். மேலே போய்ச் சேரும்போது "நல்லாப் போகுது முதலாளி". ஒருவரும் பெரிய பொய் சொல்லவில்லை, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இனிப்பு கூடியது. மூத்தவர்களுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாமல் வளர்ந்த நமக்கு இது இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்று நான் நினைக்கிறேன்.

முதலாளி பக்கத்திலும் ஒன்று உண்டு. போட்ட காசு போய்விடுமே என்று மேலே மேலே காசைப் போடுவது. மார்க் கீல் 1995 இலேயே அதை எழுதியிருக்கிறார். கெமரா பூட்டியதும் அந்த வகைதான். இதை விரிக்கப் போனால் நேரம் போய்விடும்.

ஏனென்றால் பிரித்தானியாவில் நடந்ததைக் கட்டாயம் சொல்லவேண்டும். உப தபாலகம் என்றால் நமக்குத் தெரியும், ஊருக்குள் ஒரு சின்னக் கட்டிடம், ஓர் உப தபாலதிபர். அங்கேயும் அப்படித்தான், பலர் சில்லறைக் கடையோடு சேர்த்து நடத்துவார்கள். 1999 முதல் தபாலக நிறுவனம் அவர்களுக்கு ஹொரைசன் என்ற கொம்பியூட்டர் கணக்குமுறையைக் கொடுத்தது. அது பலருடைய கணக்கில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. ஒப்பந்தப்படி குறைந்த காசை அவர்கள் கையிலிருந்து கட்டவேண்டும். வீட்டை ஈடுவைத்துக் கட்டினார்கள். உதவிக்கு அழைத்துக் கேட்டபோது, உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை, வேறு ஒருவருக்கும் இல்லை என்று பலருக்குப் பதில் கிடைத்தது. 2015 வரைக்கும் 900க்கும் மேற்பட்டவர்கள் களவு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்களும் உண்டு.

அலன் பேட்ஸ் என்ற முன்னாள் உப தபாலதிபர் விடவில்லை. அவரும் மற்றவர்களும் போட்ட வழக்கில், பற்றாக்குறையை அந்தக் கணக்குமுறையின் பிழைகளே உண்டாக்கியிருக்கலாம் என்று 2019 இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2021 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனைத் தீர்ப்பை நீக்கியது. 2024 இல் சட்டமே இயற்றி மீதிப்பேரை விடுவிக்கவேண்டி வந்தது. கவுண்டரில் இருந்தவர்கள் முதல் நாளிலிருந்து உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெசின் சொன்னதை நம்பினார்கள், மனிசர் சொன்னதை நம்பவில்லை. நம்முடைய ஆலையில் அந்தக் காக்காவின் கொப்பி இல்லாதிருந்தால் அவருடைய நிலை என்ன?

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கையைக் காட்டுகிறார். செயற்றிட்டச் செலவைப் பற்றித் தனியாகப் பேசக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பென்ட் ஃபிளிவ்பியெர், அலெக்சாண்டர் பட்சியர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2011 இல் 1,471 தகவல் தொழில்நுட்பச் செயற்றிட்டங்களைப் பார்த்தார்கள். சராசரியாகச் செலவு 27 சதவீதம் கூடியிருந்தது. அது பரவாயில்லை. ஆறில் ஒன்றுக்குச் செலவு சராசரியாக 200 சதவீதம் கூடியிருந்தது, அதாவது ஒரு இலட்சம் என்று தொடங்கியது மூன்று இலட்சத்தில் முடிந்தது. விற்கவருபவர் சொல்கிற விலையையும் நாளையும் மட்டும் வைத்துத் திட்டம் போடாதீர்கள். அதே சொப்ட்வெயாரை ஏற்கெனவே போட்ட மூன்று, நாலு கடைகளுக்குப் போங்கள். கடைசியில் எவ்வளவு முடிந்தது, எத்தனை மாதம் இழுத்தது என்று கேளுங்கள். முதலாளியிடம் கேட்டபிறகு ஸ்டோர்க்காரரிடமும் கேளுங்கள், முதலாளி இல்லாத நேரம் பார்த்து.

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று. வினாக்கொத்தைக் கொண்டுபோங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதைக் கொடுப்பதற்கு முதல் ஒரு முழுநாள் கடையில் நின்று பாருங்கள். பொருள் எப்படி வருகிறது, யார் எதில் எழுதுகிறார், கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் இன்னும் எந்தக் கொப்பி திறந்தபடி இருக்கிறது என்று பாருங்கள். நம் மாவட்டங்களின் ஆலைகளையும் கடைகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் பற்றி இப்படி நின்று பார்த்து எழுதிய ஆய்வுகள் நமக்கு இன்னும் வேண்டும். தமிழில் வேண்டும், ஆலைக்காரரும் வாசிக்கிற மாதிரி.

ஆள் கூட்டினால் பிந்திய வேலை இன்னும் பிந்தும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975 இல் எழுதியதையும் சொல்ல நினைத்திருந்தேன், நேரமில்லை. அழைத்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.