நீங்களே எழுதிக் கொடுக்கும் கேள்வித்தாள்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம், "இன்டர்வியூவுக்கு என்ன படித்தாய்?" என்று கேட்டால் பெரும்பாலும் கைபேசியை நீட்டுவார்கள். அடிக்கடி கேட்கப்படும் 50 கேள்விகள் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கும், பக்கத்திலேயே யாரோ எழுதிய பதில்களும் இருக்கும். இரவெல்லாம் அதை உருப்போட்டிருப்பார்கள். ஆனால் மறுநாள் எதிரே உட்காருபவர் கையில் அந்தப் பட்டியல் இருக்காது. நீங்கள் அனுப்பிய ரெஸ்யூம்தான் இருக்கும். பல நேரம் அதை அவர் நிதானமாகப் பார்ப்பதே நீங்கள் உள்ளே வந்து உட்காரும் அந்த அரை நிமிடத்தில்தான். மேலிருந்து கீழே கண்ணை ஓட்டுவார், எந்தச் சொல் கண்ணில் பட்டதோ அங்கிருந்து ஆரம்பிப்பார். கேள்வித்தாளை எழுதிக் கொடுத்தவர் நீங்கள்தான்.

அதனால் முதலில் உங்கள் ரெஸ்யூமைத் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படித்து முடித்தவருக்கு ஒரு பக்கம் போதும். சிவப்பு பேனாவால் ஒவ்வொரு திறமையின் பெயரையும், மென்பொருளின் பெயரையும், பயிற்சியின் பெயரையும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றைப் பற்றியும் 2 நிமிடம் வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். மனதுக்குள் பேசுவது கணக்கில் சேராது. மனதுக்குள் எல்லாம் சரளமாகத்தான் ஓடும். வாயைத் திறந்தால்தான் எங்கே தடுக்குகிறது என்று தெரியும். பேச முடியாத சொல்லை அடித்துவிடுங்கள். இடத்தை நிரப்ப எழுதிய சொல்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

எக்செல் தெரியும் என்று எழுதாத ரெஸ்யூம் அபூர்வம். அக்கவுன்ட்ஸ், லாஜிஸ்டிக்ஸ், பிபிஓ வேலைகளுக்கு மடிக்கணினியைத் திருப்பி வைத்து, இரண்டு பட்டியல்களைக் கொடுத்து, ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் தேடி எடுக்கும் வி-லுக்கப் சூத்திரத்தைப் போடச் சொல்வார்கள். அதன் கடைசிப் பகுதியில் சரியான பொருத்தம் வேண்டும் என்பதற்காக ஃபால்ஸ் அல்லது பூஜ்யம் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராமலே தப்பான எண் வந்து உட்காரலாம், அதுதான் இதில் ஆபத்து. வி-லுக்கப் தான் தேடும் நெடுவரிசைக்கு வலப்பக்கம் மட்டுமே பார்க்கும், இடப்பக்கம் பார்க்காது என்பதையும் கேட்பார்கள். இன்னொன்று, தேதிகள் எழுத்தாகப் பதிந்திருக்கும் பட்டியலைக் கொடுத்து மாதவாரியாகக் கூட்டச் சொல்வது. செய்து பழகியவர் முதலில் அவற்றை உண்மையான தேதிகளாக மாற்றுவார். படித்து மட்டும் வந்தவர், தொகுத்துக் கூட்டித் தரும் பிவட் டேபிளைத் திறந்துவிட்டு விழிப்பார்.

பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்குக் கடைசி ஆண்டு பிராஜெக்ட்தான் பாதி இன்டர்வியூ. மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவியை எடுத்துக்கொள்வோம். அர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, மண்ணில் குத்தும் சென்சார், குறைந்த மின்சாரத்தால் அதிக மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ஒரு ரிலே, ஒரு சின்ன பம்ப். இதை எழுதியவரிடம், "ரிலே எதற்கு? பம்பை நேராகப் பலகையில் இணைத்தால் என்ன?" என்று கேட்பார்கள். பழைய அர்டுயினோ ஊனோ பலகையின் ஒரு பின் அதிகபட்சம் 40 மில்லி ஆம்பியர்தான் தாங்கும், 20-க்குள் வைத்துக்கொள்வது நல்லது. சின்ன பம்புகூட 100-க்கு மேல் இழுக்கும். அடுத்து, "சென்சாரை ஒரு மாதம் மண்ணிலேயே விட்டீர்களா, என்ன ஆனது?" என்பார்கள். இரண்டு கால் கொண்ட மலிவான சென்சாரில் ஈர மண் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் கால்கள் அரித்துப்போகும், அளவும் மாறிவிடும். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுக்கலாம், அல்லது கெப்பாசிட்டிவ் வகை சென்சாரை வாங்கலாம். இந்தப் பதிலை எந்த 50 கேள்விப் பட்டியலிலும் தேட முடியாது. அதைச் செய்தவருக்குத்தான் தெரியும். காசு கொடுத்து பிராஜெக்ட் சென்டரில் வாங்கியிருந்தால், இப்போதாவது அதைப் பிரித்து மறுபடி பூட்டிப் பாருங்கள். ஒரு வார வேலை அது, ஆனால் பலன் கைமேல் தெரியும்.

நால்வர் சேர்ந்து செய்த பிராஜெக்டில் "நாங்கள் செய்தோம், நாங்கள் வடிவமைத்தோம்" என்றே பேசிக்கொண்டு போகாதீர்கள். இதில் உங்கள் கை பட்டது எது என்று தெரியாமல் யாரும் மதிப்பெண் போட முடியாது. "நிரல் எழுதியது நான், சர்க்யூட் இன்னொரு தோழி பார்த்துக்கொண்டார்" என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அம்பத்தூர் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேசையில் ஒரு வெர்னியரும் ஒரு உலோகத் துண்டும் இருந்தால், எடுத்து அளக்கச் சொல்லப்போகிறார்கள் என்று அர்த்தம். பள்ளி ஆய்வகத்தில் படித்த மீச்சிற்றளவு, அதாவது கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.1 மில்லிமீட்டர். பட்டறையில் பரவலாகப் புழங்கும் வெர்னியருக்கு அது 0.02 மில்லிமீட்டர். சாதாரண மைக்ரோமீட்டருக்கு 0.01. பள்ளிக்கூட எண்ணை அப்படியே ஒப்பித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. அளப்பதற்கு முன் தாடைகளை மூடி, அளவு சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பூஜ்யப் பிழை பார்க்கிறீர்களா என்பதைத்தான் எதிரே இருப்பவர் முதலில் கவனிப்பார்.

இனி, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." இதற்கு 60 முதல் 90 நொடி. அப்பா என்ன செய்கிறார், அம்மா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே முக்கால் நிமிடம் போய்விடுகிறது. குடும்பத்தைச் சொல்வது தப்பில்லை, ஆனால் அவர்கள் எடைபோட வந்தது உங்களை. ஊர், படிப்பு ஒரு வாக்கியம். நீங்கள் செய்த வேலைகளில் சிறந்தது எதுவோ அதற்கு மூன்று நான்கு வாக்கியம். இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்பதற்கு இரண்டு. கடைசியாக எதைச் சொல்லி நிறுத்துகிறீர்களோ, அடுத்த கேள்வி பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

ஆங்கிலம் பற்றிய பயம் நம் பிள்ளைகளுக்கு மிகப் பெரியது. தமிழ் வழியில் படித்தவர்கள் சுய அறிமுகத்தை ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி வந்தால் இழை அறுந்துவிடுகிறது, மறுபடி முதல் வரியிலிருந்துதான் ஆரம்பிக்க முடிகிறது. வாக்கியங்களை மனப்பாடம் செய்யாதீர்கள். சொல்ல வேண்டிய ஐந்து விஷயங்களை ஐந்து சொற்களாக ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியங்களில் சொல்லிப் பழகுங்கள். கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள், 10 நாள், தினம் மூன்று தடவை. 'மைசெல்ஃப் இன்னார்' என்று தொடங்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், 'ஐ ஆம்' என்றாலே சரி. சின்னச் சின்ன வாக்கியமாக, சரியான வினைச்சொல்லோடு பேசினால் போதும். தொழில்நுட்ப விளக்கம் ஒன்று ஆங்கிலத்தில் சிக்கிக்கொண்டால், இதைத் தமிழில் சொல்லலாமா என்று கேளுங்கள். சென்னையில் எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அனுமதி கேட்டதற்காக யாரும் குறைத்துப் பார்ப்பதில்லை. வாடிக்கையாளரோடு ஆங்கிலத்தில் பேசுவதே வேலை என்றால் மட்டும் அது எடுபடாது.

"ஒரு பிரச்சினையை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்ற கேள்விக்கு நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசை உதவும். வழக்கமாக நடப்பது என்னவென்றால், ஒன்றரை நிமிடம் நிலைமையையே விவரித்துவிட்டு, செய்ததை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். நிலைமைக்கு 20 நொடி போதும். செய்ததற்குத்தான் ஒரு முழு நிமிடம் வேண்டும்.

தெரியாத கேள்வி வரும், கட்டாயம் வரும். ஊகித்து அடித்துவிடாதீர்கள். "இது எனக்குத் தெரியாது, ஆனால் இதற்குப் பக்கத்தில் உள்ள இது தெரியும், அதிலிருந்து இப்படி யோசிப்பேன்" என்று சொல்லலாம். தேர்ச்சி பெறாமல் நின்ற தாள், அதாவது அரியர் இருந்ததா, இடையில் ஓராண்டு சும்மா இருந்தீர்களா என்று கேட்டால் காரணம் ஒரு வாக்கியம், அந்தக் காலத்தில் செய்தது ஒரு வாக்கியம். முன்பு வேலை பார்த்தவர்கள் சேர்ந்த தேதி, விலகிய தேதியில் ஒரு மாதம்கூடக் கூட்டிச் சொல்ல வேண்டாம். வருங்கால வைப்பு நிதியான பிஎஃப் கணக்குக்குரிய யூஏஎன் எண்ணில் அந்தத் தேதிகள் இருக்கும், சரிபார்க்கும்போது வெளிப்பட்டுவிடும்.

சம்பளப் பேச்சுக்குப் போகும் முன் சிடிசி, அதாவது நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, அதன் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு 3,60,000 என்றால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று நினைப்பதால்தான் முதல் மாதமே மனம் உடைகிறது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் செலுத்தும் பிஎஃப் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். அதையும் சிடிசிக்குள்ளேயே சேர்த்திருப்பார்கள். பணிக்கொடைக்கு 4.81 சதவீதம், சுமார் 721. உரிய காலம் வேலை பார்த்து விலகும்போதுதான் அது கிடைக்கும். மீதி 27,479. அதில் உங்கள் பிஎஃப் பங்கு இன்னொரு 1,800. சென்னை மாநகராட்சியின் தொழில் வரி, இந்த வருமானத்துக்கு அரையாண்டுக்கு 1,250. மாதத்துக்குப் பிரித்தால் கைக்கு வருவது 25,500-க்குச் சற்றுக் குறைவு. செயல்திறன் ஊதியம் என்று ஒரு தொகையைச் சேர்த்திருந்தால் இன்னும் குறையும். "இதில் நிலையான தொகை எவ்வளவு?" என்று கேட்பது உங்கள் உரிமை. குறிப்பிட்ட காலம் விலக மாட்டேன் என்ற பாண்ட் ஒப்பந்தம் இருந்தால் எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டச் சொல்லும் இன்டர்வியூவுக்குப் போகவே வேண்டாம். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. அரசு வேலை இன்டர்வியூவுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்பவர்களிடமும் எச்சரிக்கை. மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. இல்லாத ஒன்றைத்தான் விற்கிறார்கள்.

போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். அழைப்புக் கடிதத்தில் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர், அதில் எங்கே என்று பாருங்கள். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு மூன்று வளாகங்கள் இருக்கும். டைடல் பார்க் என்றால் பறக்கும் ரயிலில் திருவான்மியூரில் இறங்குங்கள். அம்பத்தூர் எஸ்டேட் என்றால் பட்டரவாக்கம் நிலையத்தைப் பாருங்கள். முந்தின நாள் அதே நேரத்தில் ஒருமுறை போய்வந்தால் நெரிசல் புரியும். வாசலில் அடையாள அட்டை காட்டி, மடிக்கணினி எண் எழுதி, உள்ளே நடக்கவே 20 நிமிடம் ஆகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சான்றிதழ்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். அசலோடு இரண்டு செட் ஜெராக்ஸ், ஆதார், பான், நான்கு புகைப்படம். அசலைக் காட்டலாம், அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டாம். உடைக்குத் தேய்த்த சட்டை, சுத்தமான காலணி, அல்லது வழக்கமாக உடுத்தும் சுடிதார், புடவை. வெயில் காலத்தில் அரை மணி முன்னதாகப் போய் வேர்வை அடங்க உட்கார்ந்துவிட்டு உள்ளே போங்கள்.

வீட்டிலிருந்தே வீடியோவில் என்றால், ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடும். மின்விசிறி இரைச்சல் மைக்கில் பெரிதாகக் கேட்கும். பதிலை வேறு திரையில் பார்த்துப் படித்தால் கண் நகர்வது தெரியும், அடுத்த கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

இன்டர்வியூ முடிந்து திரும்பும் பேருந்திலேயே ஒரு நோட்டை எடுத்து, கேட்ட கேள்விகளை வரிசையாக எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும். எந்தக் கேள்வி ரெஸ்யூமின் எந்த வரியிலிருந்து வந்தது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வரி உங்களை மாட்டிவிட்டதோ, அதை அன்றிரவே திருத்தி எழுதுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். அடுத்த விண்ணப்பம் அந்தப் புதிய தாளோடு போகட்டும்.

நன்றி, வணக்கம்.