வரைந்து காட்டிய வாழ்க்கையை நம்பலாமா?

வணக்கம். நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன். "சித்திரக்கதை வடிவில் வரும் தன்வரலாறுகளை எப்படி உண்மை என்று ஏற்பது? எழுதுகிறவர் நினைவில் உள்ளதை மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். வரைகிறவரோ அன்று அறையில் கிடந்த நாற்காலியையும், அப்பாவின் முகம் போன போக்கையும் சேர்த்தே வரைந்தாக வேண்டும். அதில் பாதி கற்பனைதானே? போதாததற்கு, மனிதர்களை எலிகளாக வரைந்த புத்தகத்தைப் போய் வரலாறு என்கிறீர்கள்."

கேள்வியில் உள்ள கவனிப்பு மிகவும் சரியானது. அதிலிருந்து அவர் வந்து சேரும் முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

அவர் குறிப்பிடும் எலிப் புத்தகம் அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்'. போலந்து நாட்டு யூதரான தந்தை விளாடெக் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்து வந்த கதையை, நியூயார்க்கில் அவரை உட்காரவைத்துக் கேட்டுப் பதிவு செய்து மகன் வரைந்தார். அதில் யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள். இரண்டு பாகங்களும் 1986இலும் 1991இலும் நூலாக வந்தன. 1992இல் சிறப்பு புலிட்சர் விருது கிடைத்தது. இரண்டாம் பாகத்தை 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் தன் விற்பனைப் பட்டியலில் புனைகதைகளோடு சேர்த்தபோது, ஸ்பீகல்மன் கடிதம் எழுதி ஆட்சேபித்தார், நாளிதழும் அதைப் புனைவல்லாத நூல்களின் பட்டியலுக்கு மாற்றியது. அவ்வளவு பெரிய பத்திரிகைக்கே வந்த சந்தேகம்தான் இது என்பதால், கேட்டவர் கூச்சப்படத் தேவையில்லை.

முகாமில் விளாடெக் தகர வேலை செய்யும் பட்டறை ஒன்றில் இருந்தார். உரைநடையில் எழுதுகிறவர் 'தகரப் பட்டறையில் வேலை பார்த்தார்' என்று நாலு சொல்லில் முடித்துவிடலாம். அங்கே என்ன இயந்திரம் இருந்தது என்று அவரை யாரும் கேட்கப் போவதில்லை. வரைகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்பீகல்மன் இந்தத் திண்டாட்டத்தையே புத்தகத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார். தானும் முகாமிலிருந்து மீண்டவரான தன் மனநல மருத்துவரிடம், பட்டறையில் என்னென்ன கருவிகள் இருந்திருக்கும் என்று தெரியவில்லை, ஆவணமும் கிடைக்கவில்லை என்று அவர் புலம்ப, சிறுவயதில் செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு தொழிற்கூடத்தில் வேலை பார்த்த அந்த மருத்துவர், தகடு வெட்டும் இயந்திரம் ஒன்றையும் துளைபோடும் இயந்திரம் ஒன்றிரண்டையும் வரையலாமே என்று யோசனை சொல்கிறார். இதைப் படித்துவிட்டுப் பட்டறைக் காட்சிக்குப் போகும் வாசகருக்கு, அந்த இயந்திரங்கள் எங்கிருந்து வந்தவை என்பது தெரிந்தே இருக்கிறது.

இதைவிட நுட்பமான இடமும் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. முதல்முறை படித்தபோது நான் அதைக் கவனிக்காமலே பக்கத்தைப் புரட்டிவிட்டேன். கைதிகள் வேலைக்கு அணிவகுத்துப் போகும்போது, முகாம் வாசலில் கைதிகளைக் கொண்டே இசைக்குழு ஒன்றை வாசிக்க வைத்தார்கள் என்பது ஆவணங்களில் தெளிவாகப் பதிவான செய்தி. மகன் அதைப் பற்றிக் கேட்கிறார். தந்தையோ, அணிவகுத்துப் போனதுதான் தன் நினைவில் இருக்கிறது, இசைக்குழு எதுவும் இல்லை என்கிறார். முதல் படக் கட்டத்தில் இசைக்குழு நன்றாகத் தெரிகிறது. தந்தை மறுத்த பிறகு வரும் கட்டத்தில், வரிசையாகப் போகும் கைதிகள் அதை மறைத்துவிடுகிறார்கள். உற்றுப் பார்த்தால், அவர்களுக்குப் பின்னால் வாத்தியங்களின் நுனி மட்டும் ஆங்காங்கே எட்டிப் பார்க்கும். மகன் ஆவணத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை, அப்பாவையும் பொய்யராக்கவில்லை. இதை எழுத்தில் சொல்ல ஓர் அடிக்குறிப்பு வேண்டியிருந்திருக்கும்.

எலி முகத்துக்கு வருகிறேன். இரண்டாம் பாகத்தில் ஓர் இடத்தில் ஸ்பீகல்மன் தன்னை மனித முகத்தோடு, அதன்மேல் கயிறு கட்டிய எலி முகமூடியோடு வரைந்துகொள்கிறார்; வேடம் வேடம்தான் என்பதை அவர் ஒளிக்கவில்லை. கடைசிப் பகுதியில் கோடுபோட்ட முகாம் உடையில் தந்தையின் அசல் புகைப்படம் வருகிறது. அது முகாமில் எடுத்ததில்லை. விடுதலைக்குப் பிறகு, நினைவுப் படம் எடுத்துக்கொள்வதற்கென்றே புத்தம் புதிய முகாம் உடை ஒன்றை வைத்திருந்த புகைப்படக் கடையில், அதை மாட்டிக்கொண்டு எடுத்துக்கொண்ட படம்! புத்தகத்தில் உள்ள புகைப்படமே இப்படி இருக்கும்போது, சித்திரத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை.

எழுத்துக்கும் இதே கதிதான். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல். 1871இல் மாயூரத்தில் தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை முதன்முதலாகக் கண்ட அன்று நடந்த பேச்சு, அதில் மேற்கோள் குறிக்குள் வாக்கியம் வாக்கியமாக வருகிறது. எழுபது ஆண்டு கழித்து அத்தனை சொல்லும் அப்படியே நினைவிருந்ததா என்று நாம் கேட்பதில்லை, கேட்காததும் நியாயமே. நாற்காலியை வரைந்தவரிடம் மட்டும் ரசீது கேட்கிறோம்.

அமெரிக்க ஓவியர் ஆலிசன் பெக்டெல் 2006இல் வெளியிட்ட சித்திரத் தன்வரலாறான 'ஃபன் ஹோம்' இந்தச் சந்தேகத்தைத் தன்மீதே திருப்பிக்கொண்ட புத்தகம். பத்து வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய அவர், சிறிது காலத்தில் ஒவ்வொரு வாக்கியத்தோடும் 'என்று நினைக்கிறேன்' என்று சேர்க்கிறார். தான் பார்த்தது உண்மையிலேயே நடந்ததுதானா என்ற பயம் அந்தக் குழந்தைக்கு. பிறகு அந்தச் சொற்களுக்குப் பதிலாகக் கூரை போன்ற ஒரு குறியைப் போட ஆரம்பித்து, கடைசியில் பக்கம் முழுவதன் மேலேயும் அதைப் பெரிதாகக் கிறுக்கிவிடுகிறார். அந்தப் பக்கங்களைத் தன் குழந்தைக் கையெழுத்திலேயே மறுபடி வரைந்து காட்டுகிறார். படங்களை வரையும் முன் ஒவ்வொரு பாத்திரமாகவும் தானே நின்று புகைப்படம் எடுத்துப் பார்த்துக்கொண்டவர் அவர்.

மர்ஜானே சத்ரபியின் வழி நேர் எதிரானது. ஈரானில் கழிந்த தன் பிள்ளைப் பருவத்தை வரைந்த 'பெர்செபோலிஸ்' நூலில் கறுப்பும் வெள்ளையும்தான். பல கட்டங்களில் பின்னணியே கிடையாது. நினைவில் நாற்காலி இல்லையென்றால் வரையாமல் விட்டுவிடலாம் என்பதற்கு அது நல்ல சாட்சி. தொடக்கத்திலேயே ஒரு வகுப்புப் படம் வரும். தான் இடது ஓரத்தில் உட்கார்ந்திருப்பதால் உங்களுக்குத் தெரிய மாட்டேன் என்று சொல்லி, அந்த ஓரத்தைச் சட்டகத்தால் வெட்டிவிடுகிறார்.

எனக்குச் சந்தேகம் வருவது வேறு வகைப் புத்தகங்களில். ஓரம் வெட்டுப்படாமல், வாத்தியம் மறையாமல், ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அறையின் திரைச்சீலை மடிப்பு வரை பளபளவென்று வரைந்து வைத்து, அது எப்படித் தெரியும் என்று எந்தப் பக்கத்திலும் சொல்லாமல் போகிறவர்களிடம், கேட்டவரின் இந்தக் கேள்வியை நானும் சேர்ந்து கேட்பேன்.