பின்னால் நிற்கும் காற்றாடிக்கும் காற்று வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றாடி கொஞ்சம் தூரம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல்காரர்களுக்கு வாசலைத் திறந்தாலே காற்றாடிதான். இன்று கடலுக்குள் நிறுத்தும் காற்றாடிகளைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆனால் நெற்களத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

கன்னிப்பூ அறுப்பு சமயம். ஆச்சி சுளகைத் தலைக்கு மேல் தூக்கிப் பொலி தூற்றுவாள். நெல் காலடியில் விழும், பதர் தள்ளிப் போய் விழும். ஒருநாள் வைக்கோல் ஏற்றிய வண்டியைக் காற்று வரும் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான், நெல்லும் பதரும் ஒன்றாகப் பொத்தென்று விழுந்தன. "லேய் மக்கா, காத்தை மறைக்காத!" என்று ஆச்சி போட்ட சத்தத்தில் வண்டி நகர்ந்தது. பதர் மறுபடி பறந்தது. முப்பது வருஷம் காற்றாலைகளில் வேலை பார்த்த பிறகும், காற்று மறைப்பு என்றால் எனக்கு அந்தப் பதர்தான் கண்ணில் நிற்கிறது.

காற்றாடி காற்றின் வேகத்தைப் பிடித்துத்தான் மின்சாரம் தருகிறது. அதனால் அதன் பின்னால் போகிற காற்று வேகம் குறைந்து, கலங்கிச் சுழன்று போகும். வேகம் 10 சதவீதம் குறைந்தால் காற்றில் உள்ள சக்தி 27 சதவீதம் குறைந்துவிடும். தரையில் மலையும் மரமும் காற்றைக் கலக்கிவிடுவதால் சீக்கிரம் தேறிவிடுகிறது. கடலில் அப்படி எதுவும் இல்லை. கலங்கிய காற்று வெகுதூரம் அப்படியே போகும்.

டென்மார்க் கடலில் ஹார்ன்ஸ் ரெவ் 1 என்ற காற்றாலையில் 80 காற்றாடிகள் நிற்கின்றன. ஒன்றுக்கொன்று 560 மீட்டர், அதாவது இறக்கை சுற்றும் வட்டத்தின் அகலத்தைப் போல ஏழு மடங்கு இடைவெளி. 2008 பிப்ரவரி 12 அன்று எடுத்த படம் ஒன்று உண்டு. ஈரக்காற்று பனிமூட்டமாகி, ஒவ்வொரு காற்றாடிக்கும் பின்னால் வெள்ளை வாலாக நீண்டு கிடக்கிறது. முன்வரிசையின் வால் பின்வரிசையின் மேல் போய் விழுகிறது. காற்று சரியாக வரிசை நெடுக வீசும்போது, இரண்டாவது காற்றாடிக்கு 40 சதவீதம் வரை மின்சாரம் குறைந்ததுண்டு. ஏழு மடங்கு இடைவெளி விட்டும் இப்படி!

சரி, கடலில் ஊன்றிய காற்றாடியை ஆச்சியின் வண்டிபோலத் தள்ளி நிறுத்த முடியாது. முகத்தைத் திருப்பலாம். காற்றில் சுளகைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அது கையை ஒரு பக்கம் இழுக்கும், காற்று மறுபக்கம் ஒதுங்கும். அதேபோல முன்னால் நிற்கும் காற்றாடியைக் காற்றுக்கு நேராக வைக்காமல் 20 டிகிரி அளவுக்குத் திருப்பினால், கலங்கிய காற்று பக்கவாட்டில் விலகிப் போகும். முன்னதற்குக் கொஞ்சம் நஷ்டம், பின்னால் நிற்பதற்கு லாபம். கூட்டிப் பார்த்தால் பல நேரம் லாபமே மிஞ்சும். ஆனால் கோணலாக நிற்கும் காற்றாடியின் இறக்கைகளில் பாரம் ஏறி இறங்கும். இறக்கைக்குள் ஊர்ந்து போய் விரிசல் தேடியவன் நான், அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். காற்று வரிசை நெடுக வீசும் நேரத்துக்கு மட்டும் திருப்பினால் போதும் என்பது என் கட்சி.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அப்புறம் ஒன்று. தமிழகக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைக்கு உதவ 2024 ஜூனில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. நம் தென்மேற்குக் காற்று மாதக்கணக்கில் ஒரே திசையில் வீசுவது. வரிசை போடும்போதே அந்தத் திசைக்குக் குறுக்காகப் போட வேண்டும். வள்ளங்கள் போகிற வழியைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். வணக்கம்.