செல்போனா, லேண்ட்லைனா?

வணக்கம் நேயர்களே. வெளிநாட்டில் மகளோ, தம்பியோ, கூடப் படித்தவரோ இருக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் கூப்பிடும் எண் செல்போனா, லேண்ட்லைனா? சிரிக்காதீர்கள். இந்தக் காலத்தில் லேண்ட்லைன் யார் வைத்திருக்கிறார்கள் என்பீர்கள். அதனால்தான் கேட்கிறேன். கட்டணப் பட்டியலில் நாட்டின் பெயருக்கு நேராகப் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் லேண்ட்லைனுக்கான விலை. செல்போன் விலை, கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய இடத்தில் இருக்கும். சில நாடுகளுக்கு அது பல மடங்கு.

ஏன் அப்படி? தூரத்தினால் இல்லை. 1956-ல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் தொலைபேசிக் கேபிள் போட்டபோது, ஒரே சமயத்தில் சுமார் 36 பேச்சுகள்தான் அதில் போகும். அப்போது தூரம்தான் காசு. இன்று கடல் தாண்டுவது கிட்டத்தட்ட இலவசம் மாதிரி. காசு போவது கடைசிப் படியில். உங்கள் அழைப்பை வாங்கி அந்தச் செல்போனில் மணியடிக்க வைக்க, அங்குள்ள கம்பெனி ஒரு தொகை கேட்கும். டெர்மினேஷன் கட்டணம் என்பார்கள். பாதி உலகம் கடந்து வந்தவரிடம் வாசலில் நின்று கதவு திறக்கக் கூலி கேட்பது போல. அமெரிக்கா, கனடாவில் உள்வரும் அழைப்பின் செலவையும் செல்போன்காரரே ஏற்றுக்கொள்ளும் முறை வளர்ந்தது. செல்போன் எண்ணும் லேண்ட்லைன் எண் போலத்தான் இருக்கும். அதனால் அங்கே இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஐரோப்பாவிலும் இன்னும் பல இடங்களிலும் முழுச் செலவும் கூப்பிடுகிறவர் தலையில். ஆக, செல்போனா, லேண்ட்லைனா, அதை முதலில் பாருங்கள்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். காலிங் கார்டு காலம். காசு கொடுத்து ஓர் அட்டை வாங்கி, அதில் மறைந்திருக்கும் ரகசிய எண்ணை அழுத்தி வெளிநாட்டுக்குப் பேசுவோம். அட்டையில் 100 நிமிடம் என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் வெள்ளிப் பூச்சை நாணயத்தால் சுரண்டினேன். அவசரத்தில் கடைசி இலக்கமும் பாதி போய்விட்டது, ஆறா எட்டா என்று தெரியவில்லை. எட்டு. சரி, அண்ணனின் செல்போன் எண்ணை அழுத்தினால், ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது: உங்களிடம் 38 நிமிடங்கள் உள்ளன. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, 62 நிமிடம் எங்கே போயிற்று? அந்த 100, லேண்ட்லைனுக்கு.

கதை அதோடு முடியவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் அண்ணன் எடுத்தும் பேசாமல் இருக்கிறான் என்று நினைத்து வைத்துவிட்டேன். நான்காவது முறை கிடைத்தவன் கேட்டான்: “என்னடா, வாய்ஸ் மெயில்ல மூணு தடவை உன் மூச்சு மட்டும் வந்திருக்கு?” வாய்ஸ் மெயில் எடுத்தாலும் எடுத்ததுதான், நேயர்களே. மீட்டர் ஓடும். என் அட்டையில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனிக் கட்டணம் வேறு; அதற்கு மேல் முழு நிமிடக் கணக்கு. 61 விநாடி பேசினால் 2 நிமிடம்! மூன்று மூச்சுக்கு நான் கொடுத்த காசில் நிதானமாக நலம் விசாரித்திருக்கலாம்.

அதனால் நிமிட விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இணைப்புக் கட்டணம் உண்டா, கணக்கு விநாடியா நிமிடமா, பணம் எத்தனை நாளில் காலாவதியாகும், இந்த மூன்றையும் கேளுங்கள். அடிக்கடி சிறு சிறு பேச்சாகப் பேசுகிறவருக்கு விநாடிக் கணக்குதான் லாபம், நிமிட விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும். அப்புறம், இரண்டு திசைக்கும் விலை ஒன்றாக இருக்காது. அவர்கள் பக்கம் மலிவு என்றால் ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? நியாயம். இரு பக்கமும் இணையம் இருந்தால் அந்தக் கதவுக் கூலியே கிடையாது. குரல் மட்டும் என்றால் பொதுவாக நிமிடத்துக்கு ஒரு எம்பி டேட்டாவுக்குள் முடியும். வீடியோ தின்னும் டேட்டா வேறு கதை. ஆனால் ஐக்கிய அரபு அமீரகம் போலச் சில இடங்களில் இந்த அழைப்புகளுக்குத் தடை இருந்திருக்கிறது. சாதாரணப் போன் மட்டும் வைத்திருக்கும் பெரியவரை இதில் பிடிக்கவும் முடியாது. அவர்களுக்குச் செயலியிலிருந்தே நேராகப் போன் எண்ணுக்குப் பேசும் வசதிகள் உண்டு. அங்கேயும் அதே கேள்விதான், செல்போனா லேண்ட்லைனா. பெரிய தொகையாகப் போட்டு வைக்காதீர்கள். அந்த வழியில் கொடிகட்டிப் பறந்த ஸ்கைப்பே 2025-ல் மூடப்பட்டது.

ரோமிங் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றால் திருப்பிக் கூப்பிடாதீர்கள். அதிகக் கட்டணம் விழும் எண்ணுக்கு உங்களைக் கூப்பிட வைக்கும் தந்திரமாக இருக்கலாம். ஜப்பானில் இதற்கு வான்கிரி என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிளஸ் ஒன்று என்று தொடங்கினாலே அமெரிக்கா என்று நம்பாதீர்கள். 876 தொடர்ந்தால் அது ஜமைக்கா. நேரமாகிவிட்டது, வணக்கம்.