குலுக்காமல் ஒரு பகடை ஆட்டம்

வணக்கம். ஆளுக்கொரு பகடை எடுத்துக்கொண்டீர்களா? இன்று யாரும் குலுக்க வேண்டாம், அதிர்ஷ்டத்துக்கு விடுமுறை.

1 மேலே, 2 உங்களைப் பார்த்து, 3 வலப்பக்கம். (3 இடப்பக்கம் அமைந்த பகடையானால், நான் வலம் என்பதை இடம் என்று கொள்ளுங்கள்.) வலப்பக்கம் ஒரு புரட்டு, பிறகு எதிர்ப்புறம் (உங்களை விட்டு விலகும் திசையில்) ஒரு புரட்டு. மேலே 2. பழையபடி வையுங்கள். இப்போது முதலில் எதிர்ப்புறம், பிறகு வலம். மேலே 4! கூட்டலில் எந்த எண் முன்னால் வந்தாலும் விடை ஒன்றுதான். சுழற்சியில் அந்தச் சலுகை கிடையாது.

இதை நம்பித்தான் என் முதல் ஆட்டத்தை அமைத்தேன். நான்குக்கு நான்கு கட்டம். பகடையைப் பக்கத்துக் கட்டங்களுக்குப் புரட்டிக்கொண்டே போய், புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். 1 மேலேயே இருக்கட்டும், ஆனால் 2 வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கால் சுற்றுதானே என்று நினைத்தேன். ஒரு மதியம் முழுக்க வீட்டில் எல்லாரும் புரட்டினோம், ஒருவரும் ஜெயிக்கவில்லை. ஜெயிக்கவே முடியாது என்பது ராத்திரிதான் உறைத்தது.

பகடை நிற்கக்கூடிய நிலைகள் 24: மேலே வர 6 முகம், ஒவ்வொன்றுக்கும் 4 திசை. பகடைக்குள் எதிரெதிர் மூலைகளை இணைக்கும் 4 மூலைவிட்டங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு கால் சுற்று அந்த நான்கையும் வட்டமாக இடம் மாற்றுகிறது. இரண்டிரண்டாக மாற்றிக் கணக்கிட்டால் மூன்று மாற்றம், அதாவது ஒற்றைப்படை. மாற்றங்கள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்தால், 24 நிலைகளும் 12, 12 என்று இரு கட்சியாகப் பிரிகின்றன. ஒவ்வொரு புரட்டும் ஒரு கால் சுற்றுதான், ஆகவே ஒரு கட்சித் தாவல். புறப்பட்ட கட்டத்துக்குத் திரும்ப எப்போதும் இரட்டைப்படைப் புரட்டுகள் வேண்டும் (சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளையை நினையுங்கள்). அப்படித் திரும்பும் பகடை பழைய கட்சியில்தான் இருக்கும். நான் கேட்டதோ எதிர்க்கட்சி நிலை! 2 எதிர்ப்புறம் பார்க்க வேண்டும் என்று விதியை மாற்றினேன். அரைச் சுற்று அதே கட்சி, ஆட்டம் பிழைத்தது.

இருவர் ஆட வேண்டுமானால் ஐந்துக்கு ஐந்து கட்டம், நடுவில் ஒரே பகடை, 6 மேலே. மாறி மாறிப் புரட்டுங்கள். மேலே வருவது உங்கள் புள்ளி. மிதித்த கட்டத்தை மறுபடி மிதிக்கக் கூடாது. வழியடைத்தால் ஆட்டம் முடிந்தது, புள்ளி அதிகமானவர் வென்றார். முதல்வர் புரட்டியதும் இரண்டாமவருக்குத் தர்மசங்கடம்: அதே திசையில் நேராகப் போனால் வெறும் 1. பக்கவாட்டில் திரும்பினால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் முதல்வர் அடுத்த புரட்டிலேயே 6-ஐ அள்ளிவிடுவார். எது லாபம் என்று இரண்டு பேராக உட்கார்ந்து ஆடிப் பாருங்கள், நான் மேசை மேசையாக வருகிறேன்.